வெள்ளவத்தை சனிக்கிழமை ஆங்கில வகுப்பு: ஒரு சாரதியின் அனுபவம்

போன வருடம் எங்கள் மேலதிகாரி ஃபோனில் யாரிடமோ, கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய நண்பரை 'ரேன் இன்டு' என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆளை இடித்துவிட்டுச் சிரிக்கிறாரே என்று பதறி, கீழே போய் அவருடைய காரின் பம்பரைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. தற்செயலாகச் சந்தித்ததைத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்தது இந்த வகுப்பில்.

காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஆறு சனிக்கிழமை, 9,000 ரூபாய். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. வாகனத்தை மரைன் டிரைவ் பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

இரண்டாம் கிழமை மிஸ் பலகையில் 'ரன்' என்று மட்டும் எழுதினார். எல்லோரும் "ஓடு" என்றோம். "சரி, நீங்கள் என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார். பதினாறு வருடமாக வான் ஓடுகிறேன் என்றேன். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். 'ஐ ரன் எ வான்' என்றேன். மிஸ் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால், சொந்தமாக வான் வைத்து அதற்குச் செலவழிப்பவர் என்று அர்த்தமாம். விமான நிலையத்தில் ஏற்றிய ஒரு வெள்ளைக்காரர், "செலவு அதிகமோ?" என்று ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. பெட்ரோல் கம்பனிக் கணக்கு என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்!

அன்று முழுக்க அந்த ஒரு சொல்தான். பக்கத்தில் இருந்த தையல்கார அக்காவுக்கு, துணியில் சாயம் போவதும் 'ரன்'. தேர்தலில் அமெரிக்கர் ஓடுவாராம், பிரிட்டிஷ்காரர் நம்மைப் போல நிற்பாராம். 2022இல் பெட்ரோல் வரிசையில் நாள் கணக்கில் கேட்ட 'ரன் அவுட்' வேறு, கிரிக்கெட் 'ரன் அவுட்' வேறு. வான் போன இடமும் தூரமும் எழுதித் தினமும் நான் நிரப்பும் ரன்னிங் சார்ட்டும் இதே குடும்பம்தான். ஒக்ஸ்போர்ட் பெரிய அகராதியின் 1989 பதிப்பில் 'செட்'தான் மிக நீளமான பதிவாம். பிறகு திருத்தியபோது 'ரன்' முந்தியதாம், வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். "1997இல் பிரேமதாச மைதானத்தில் நம்மவர்கள் எடுத்த 952 ரன்னை இன்னும் எட்டவில்லை" என்றார் மிஸ். அந்தக் கணக்கு மறக்குமா?

ஐந்தாம் கிழமை மிஸ் வரவில்லை. ஒரு தம்பி வந்து இரண்டு பக்க ஃபோட்டோக்கொப்பி கொடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல், வாக்கியம் எதுவும் இல்லை. 'ரன் டவுன்' என்றால் 'கீழே ஓடு' என்று இருந்தது. பட்டரி இறங்கினாலும் அப்படித்தானே சொல்வார்கள் என்று கேட்டேன். "அது சோதனைக்கு வராது அண்ணா" என்றார். நான் எந்தச் சோதனைக்குப் போனேன்?

மிஸ்ஸுக்காக மட்டும் சேரலாம். ஆறு கிழமையும் அவர்தான் வருவாரா என்று காசு கட்டுமுன் கேளுங்கள். ரசீதையும் கேட்டு வாங்குங்கள், தாமாகத் தரமாட்டார்கள்.