அல்வாக் கடை லோகோ: வெக்டரா, ராஸ்டரா?

திருநெல்வேலி டவுனில் ஒரு அல்வாக் கடைக்கு லோகோ வேண்டும். விசிட்டிங் கார்டில் 2 அங்குலம், ஆனித் தேரோட்டத்துக்குக் கட்டும் 10க்கு 8 அடி பிளக்ஸில் முழு அகலம். இரண்டு வகைப் படங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

ராஸ்டர் என்றால் பிக்சல் கட்டங்கள்; போட்டோஷாப், கிம்ப் என்ற மென்பொருள்கள் இரண்டும் முக்கியமாக இதற்கானவை. 800 பிக்சல் அகல லோகோ 2 அங்குலக் கார்டில் அங்குலத்துக்கு 400 பிக்சல். குறையே தெரியாது. அதையே 10 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 7 பிக்சல்கூடத் தேறாது. ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். எழுத்தின் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். இமேஜ் சைஸைக் கூட்டினால் விளிம்பு மழுங்குமே ஒழிய, இல்லாத நுணுக்கம் வந்துவிடாது.

முதலிலேயே பெரிதாகச் செய்யலாமே என்றால், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அந்த பிளக்ஸ் 36,000க்கு 28,800 பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. தூரத்தில் நின்று பார்க்கும் பிளக்ஸுக்கு 72 டிபிஐ போதும்: 8,640க்கு 6,912.

வெக்டரில் இந்தக் கணக்கே வேண்டாம். கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் ஆகிய வெக்டர் மென்பொருள்கள் மூன்றும் கோட்டையும் வளைவையும் கணிதமாகவே வைத்திருப்பதால் எந்த அளவிலும் விளிம்பு கூராக நிற்கும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்கு வெக்டர்தான் வேண்டும்; பிளேடு ஓட ஒரு கோடு இருந்தாக வேண்டுமே.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. சில எழுத்துருக்களில் இகரக் குறி (ி) தனித் துண்டாக வந்து மெய்யின் மேல் ஏறி உட்காரும். ‘திருநெல்வேலி’ என்று அடித்து அப்படியே அனுப்பினால், ‘தி’யிலும் ‘லி’யிலும் அந்தக் குறி சேரும் இடத்தில் பிளேடு குறுக்கே வெட்டிவிடும். கோரலில் கண்ட்ரோல் + கியூ அழுத்தி வளைவாக மாற்றி, துண்டுகளை வெல்டு செய்து ஒன்றாக்கிய பிறகே அனுப்ப வேண்டும். இங்க்ஸ்கேப்பில் அதே வேலைக்கு யூனியன். வளைவாக்கிவிட்டால், அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து உடையாது. திருத்துவதற்கு மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்படம் என்று வந்தால் வெக்டர் கைவிட்டுவிடும். அல்வாவின் நெய்ப் பளபளப்பை டிரேஸ் செய்தால், அதாவது படத்தை வெக்டர் கோடுகளாக மாற்றினால், ஆயிரக்கணக்கில் நோடுகள் (வளைவுப் புள்ளிகள்) குவிந்து கோப்பு திணறும். நிறமும் திட்டுத் திட்டாகும். படத்தை கிம்ப்பில் சரிசெய்து, வெக்டர் லேஅவுட்டுக்குள் வைப்பதே முறை.

கையில் பழைய ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? இங்க்ஸ்கேப்பின் டிரேஸ் பிட்மேப், இரண்டு மூன்று நிறமுள்ள சின்னத்துக்குத் தாராளமாக உதவும். எழுத்தை மட்டும் டிரேஸ் செய்யாதீர்கள். ஜேபெக் அழுக்கெல்லாம் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். அதே எழுத்துருவில் புதிதாக அடிப்பது சுத்தம்.

முதல் செலவு வெக்டருக்கே என்பது எங்கள் கருத்து. அதிலிருந்து பிஎன்ஜி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எந்த அளவிலும். வடிவமைப்பாளரிடம் பணம் கொடுக்கும்போதே எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு அல்லது வெக்டர் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப் என்றால் திறந்து 6,400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்: கட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பது வெறும் ஜேபெக்.