ஐரிஸ் பூச்செடிக் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

'இறக்குமதி ஐரிஸ் கிழங்கு, ஆறு நிறக் கலவை, எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது' என்ற விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் என் கண்ணில் சென்ற ஆண்டு பட்டது. வாங்கினேன், ஏமாற்றப்பட்டேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. சட்டை மாற்றுவது போல் பெயரை மாற்றிக்கொள்ளும் இணையக் கடை அது. இன்று நான் சொல்லும் பெயர் நாளை இருக்காது. ஏமாற்று வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

விலை பத்துக் கிழங்குக்கு 950 ரூபாய், அனுப்பும் செலவு தனி. பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் நிறையக் கேட்டேன். "கோவை வெயிலுக்கு வருமா?" என்றதற்கு, "தாராளமாக வரும் அக்கா, தொட்டியிலேயே பூக்கும்" என்று உடனே பதில் வந்தது. பார்சலில் வந்தவை சின்ன வெங்காய அளவில், கருத்த தோலும் நீண்ட கழுத்துமாக இருந்தன. மூன்று கிழங்குகள் அழுத்தினால் அமுங்கின, அவற்றின் மேல் நீலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எந்தக் கிழங்கு எந்த நிறம் என்ற குறிப்பு இல்லை, ரகத்தின் பெயர் இல்லை, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் இல்லை. பிரித்த உடனே எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். "பயணத்தில் அப்படித்தான் ஆகும் அக்கா, நட்டுப் பாருங்கள், முளைத்துவிடும்" என்றார்கள்.

மற்றவை முளைக்கத்தான் செய்தன, புல்லைப் போன்ற மெல்லிய இலைகளோடு. குளிர்காலம் போனது, பூ இல்லை. கேட்டபோது, "பொறுமை வேண்டும்" என்றார்கள். சித்திரையில் கோடை மழை இறங்கியதும் தொட்டி முழுக்க இளஞ்சிவப்புப் பூக்கள் வந்தன. ஆறு இதழ்களும் ஒரே மாதிரி விரிந்த ரெயின் லில்லி! எந்த நர்சரியிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் செடி அது. கேட்டால் பக்கத்து வீட்டிலேயே ஒரு பிடி பிடுங்கிக் கொடுப்பார்கள். ஐரிஸ் பூவை யாரும் இதோடு குழப்பிக்கொள்ள முடியாது. அதில் மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ்கள் வெளிப்புறமாகச் சரிந்து தொங்கும்.

படங்களோடு மீண்டும் எழுதினேன். இப்போது 'அக்கா' போய் 'மேடம்' வந்துவிட்டது. "மேடம், உங்கள் மண்ணில் குறை. தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள். எங்கள் விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும்." மண்ணும் தண்ணீரும் ஐரிஸை ரெயின் லில்லியாக மாற்றிவிடுமாம். மோசடியின் உயிர் அந்த 48 மணி நேர விதியில்தான் இருக்கிறது. புடவையோ பாத்திரமோ வாங்கினால் பிரித்த அன்றே குறை தெரியும். கிழங்கு இன்னதென்று தெரிய ஒரு பருவம் ஆகும். அதற்குள் புகார் செய்யும் கெடு முடிந்திருக்கும், பாதிப் பேர் நம் கைராசி இவ்வளவுதான் என்று விட்டிருப்பார்கள்.

ஆகவே, பூக்கும் வரை காத்திருக்காமல் வாங்கும் அன்றே பிடிக்கக்கூடிய பொய்களைச் சொல்கிறேன்.

முதலில் படம். அந்த விளம்பரத்தில் இருந்த பூக்களில் தொங்கும் இதழ்களின் நடுவே மஞ்சளும் ஆரஞ்சுமாக ரோமக் கற்றை தெளிவாகத் தெரிந்தது. அது தாடி ஐரிஸ் எனப்படும் வகை. அந்த வகைக்கு வெங்காயம் போன்ற உருண்டைக் கிழங்கே கிடையாது. இஞ்சியைப் போல் படுக்கையாக வளரும் தடித்த கிழங்கிலிருந்துதான் அது முளைக்கும், இலைகள் விசிறி மடிப்பாக எழும். தாடி உள்ள பூவைக் காட்டி உருண்டைக் கிழங்கை விற்பவர் பொய் சொல்கிறார். மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை. உருண்டைக் கிழங்கில் வருபவை வேறு. பூங்கொத்துக் கடைகளில் பார்க்கும் நீளத் தண்டு டச்சு ஐரிஸ் ஒன்று. ஒரு சாண் உயரம்கூட இல்லாத ரெட்டிகுலாட்டா இன்னொன்று. இரண்டுக்கும் தாடி இல்லை.

அடுத்தது நிறம். ரத்தச் சிவப்பு ஐரிஸ் என்று ஒன்று இல்லை. ஒயின் நிறம், செங்கல் நிறம், பழுப்பு கலந்த சிவப்பு வரை உண்டு. தீயணைப்பு வண்டி நிறத்தில் ஒரு பூவைக் காட்டினால் அது கணினியில் பூத்தது. ஒரே பூவில் ஏழு நிறம் காட்டும் 'வானவில்' படங்களும் அப்படியே.

மூன்றாவது அளவு. டச்சு ஐரிஸ் கிழங்கைச் சுற்றளவு வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 8/9, 9/10 என்றால் அத்தனை சென்டிமீட்டர் சுற்றளவு. மிகச் சிறிய கிழங்கு நட்டால் இரண்டு மூன்று இலைகளை விட்டுவிட்டுப் பூக்காமலே அடங்கிவிடும். அளவைச் சொல்லாத விற்பனையாளரிடம் கேளுங்கள். 'நல்ல பெரிய சைஸ்' என்பது பதில் அல்ல.

'இறக்குமதி' என்ற சொல்லையும் சும்மா விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணைப்படி, வெளிநாட்டுக் கிழங்கு இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். முறையாக வரவழைப்பவருக்கு நாட்டின் பெயரையும் ரகத்தின் பெயரையும் சொல்வதில் எந்தச் சிரமமும் இருக்காது.

இனி, கிழங்கு உண்மையானதாகவே இருந்தாலும் 'எல்லாத் தட்பவெப்பத்துக்கும்' என்பது பொய்தான். டச்சு ஐரிஸ் ஸ்பெயின், மொராக்கோ பக்கத்து இனங்களைக் கலந்து ஹாலந்தில் உருவாக்கியது. ஈரமான குளிர்காலமும் வறண்ட கோடையும் அதற்குப் பழக்கம். முன்கூட்டியே குளிரூட்டிப் பக்குவம் செய்த பெரிய கிழங்கை, மழை ஓய்ந்த பிறகு வடிகால் நன்றாக உள்ள மண்ணில் சுமார் 10 செ.மீ. ஆழத்தில் வைத்தால், சமவெளியில் ஒரு முறை பூக்கலாம். மறுபருவத்துக்கு அதை நம்ப வேண்டாம். ரெட்டிகுலாட்டாவுக்குக் கடும் குளிர்காலம் வேண்டும், நம் ஊரில் அதை நினைக்கவே வேண்டாம். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல்காரர்கள் தாடி ஐரிஸை முயன்று பார்க்கலாம். கிழங்கின் முதுகு வெயில் படும்படி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்து மழைநீரும் தேங்கினால் கிழங்கு அழுகி நாற்றமடிக்கும்.

சமவெளியில் ஐரிஸ் ஆசை விடாதவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளிகளோடு பூக்கும் சிறுத்தைப் பூச்செடியை நம் வெயில் ஒன்றும் செய்யாது. பெலம்காண்டா என்று தனிப் பேரினமாக வைத்திருந்ததைத் தாவரவியலாளர்கள் 2005இல் ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான் நிற்கும், ஆனால் தொடர்ந்து வரும். காய் வெடித்தால் உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள். அரைநிழல் இருந்தால் 'வாக்கிங் ஐரிஸ்' வைக்கலாம். அது ஐரிஸின் உறவுதான். பூத்த தண்டின் நுனியில் குட்டிச் செடி விட்டு, மண்ணில் சாய்ந்து வேர் பிடிக்கும். இரண்டையும் நர்சரியில் செடியாகவே பார்த்து வாங்கலாம்.

பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். இந்தத் தளத்தில் இரண்டும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, பார்சல் பிரித்த அன்று எடுத்த படங்கள், 'தாராளமாக வரும்' என்ற வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் கைகொடுத்தன. வாங்கும்போதே இவற்றைச் சேமித்துவிடுங்கள். தகராறு தொடங்கியதும் முதலில் காணாமல் போவது விளம்பரப் பக்கம்தான். கிழங்கின் விலை திரும்பி வந்தது, அனுப்பும் செலவு வரவில்லை.

அந்தத் தளம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. அதே படம், விலை மட்டும் 1,200 ஆகியிருக்கிறது. கீழே 'கையிருப்பு 3 மட்டுமே, விரைந்து வாங்குங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் வாங்கிய பிறகு பார்த்தபோதும் கையிருப்பு 3தான்.