டாட்டூ மெஷின் ஆன்லைனில் வாங்குகிறவர்களே, ஜாக்கிரதை: என் 18,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி என்னை பிளாக் செய்துவிட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடவில்லை. டாட்டூ சாமான் மட்டும் விற்கிற, ஆயிரக்கணக்கில் ஃபாலோயர் உள்ள ஒரு பக்கம்.

பாளையங்கோட்டையில் மாடியில் ஒற்றை ரூமில் டாட்டூ போடுகிறேன். கையில் இருப்பது மின்காந்தச் சுருளில் ஓடுகிற பழைய காயில் மெஷின். அதன் இரைச்சலிலேயே பாதிப் பேர் பயந்துவிடுவார்கள். மோட்டாரில் ஓடுகிற, வயரில்லாத ரோட்டரி பேனா மெஷின், இரண்டு பேட்டரி, 100 கார்ட்ரிட்ஜ் ஊசி (கூட்டோடு மாட்டிக் கழற்றுகிற ஊசி), கறுப்பு இங்க், மொத்தம் 18,500 என்றார்கள். மற்ற இடத்து விலையில் பாதி. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கவிழ்த்தது அந்த வீடியோ கால்தான். விற்றவர் மெஷினை ஓடவிட்டு ஆரஞ்சுத் தோலில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். முடி மாதிரி மெல்லிய கோடு. "நானும் உங்கள மாதிரி ஒத்த ரூம்ல ஆரம்பிச்சவன்தான் தம்பி" என்றார். அந்த வார்த்தையில் விழுந்தேன். கால் முடிவதற்குள் பணம் போய்விட்டது.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. 8 வோல்ட்டில் வைத்து, பழகுவதற்கான செயற்கைத் தோலில் அழுத்தினால் ஊசி திணறி நிற்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றினால் மெஷினின் கைப்பிடியான கிரிப்புக்குள் மை. மையும் ரத்தமும் பின்னால் ஏறாமல் தடுக்கிற மெம்பரேன் உள்ளே இல்லவே இல்லை. ஊசி உறையில் காலாவதி 2027 என்றிருந்தது. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் 2021.

வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ஊசி வழியாகப் பரவுகிறவை. அவசரப்பட்டு யார் கையிலாவது குத்தியிருந்தால்?

கேட்டதற்கு வந்த பதில்கள்: "வோல்ட்டைக் கூட்டுங்க." அப்புறம், "நீங்க ரொம்ப அழுத்துறீங்க." அப்புறம், "கூரியர்ல அடிபட்டிருக்கும்." ஸ்டிக்கர் போட்டோவை அனுப்பினேன். "பேக்கிங் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல ப்ரோ." தம்பி ப்ரோவாகிவிட்டான். பிறகு பதிலே இல்லை, டிபியும் காணோம். 18,500! இரண்டு மாத ரூம் வாடகை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். தேதி ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள். டாட்டூ போட்டுக்கொள்ளப் போகிறவர்கள், ஊசி உறையைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். எவன் முகம் சுளித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள். நான் வெட்கப்பட்டு நான்கு நாள் தாமதித்தேன், இப்போது ஒரு புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

புது மெஷினை நம்பி சனிக்கிழமைக்கு ஒரு அண்ணனிடம் 500 அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். மகள் பெயரை மெல்லிய எழுத்தில் கேட்டிருந்தார். இன்று காலையில் அதையும் திருப்பி அனுப்பினேன்.