சிற்றோடை ட்ரவுட்டுக்கு எந்த ராட்? கார்பன், கிளாஸ், மூங்கில், டென்காரா

குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனுக்காக மெல்லிய ஃப்ளை ராட் (ஃப்ளை எனும் போலிப் பூச்சியை, கனமான லைன் எனும் கயிற்றால் வீசும் தூண்டில் கோல்) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். 3 வெயிட், 2 வெயிட், 1 வெயிட் என்று இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டி, சேஜ் நிறுவனம் ஒரு கட்டத்தில் 000 வரை போய்விட்டது. எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு ஓடைக்குத் தோது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிளைகள் தலைக்கு மேல் பந்தல் போட்ட ஓடையில் லைன் நாலைந்து மீட்டர்தான் வெளியே போகும். அந்த நாலைந்து மீட்டரை வைத்துக்கொண்டு ராட் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். இங்கே நான்கு வகைகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் எண்ணின் கணக்கு. ராட்டில் போடவேண்டிய லைன் எவ்வளவு கனம் என்பதைத்தான் அது சொல்கிறது. ராட்டின் சொந்த கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து எண் கொடுப்பார்கள். அமெரிக்கத் தூண்டில் சாதன உற்பத்தியாளர்களின் சங்கம் வகுத்த முறை இது. 1 வெயிட் என்றால் 60 கிரெய்ன், அதாவது 3.9 கிராம். 3 வெயிட் 100 கிரெய்ன், 6.5 கிராம். 5 வெயிட் 140 கிரெய்ன், 9 கிராமுக்குச் சற்று மேல்.

சின்ன ஓடையில் 30 அடி லைனை எங்கே விடப் போகிறோம்? 15 அடி விட்டாலே, லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரையும் சேர்த்து எதிர்க்கரைப் புதரைத் தொட்டுவிடும். 3 வெயிட் லைனின் முதல் 15 அடி 3 கிராம் அளவுக்குத்தான் தேறும். நுனிப்பக்கம் மெலிந்திருப்பதால் அதற்கும் கீழேகூட இருக்கும். ஆக, கையில் 3 வெயிட் ராட் இருந்தாலும் அது சுமப்பது 1 வெயிட் கணக்குக்கும் குறைவான பாரம். ராட் வளைந்து நிமிரும்போதுதான் லைன் முன்னால் போகும். வளைய வேண்டுமானால் பாரம் வேண்டும். பாரம் போதாதபோது கை தானாக வேகத்தைக் கூட்டும். காற்றில் லைன் போடும் வளைவான லூப் கலைந்து, லீடர் சுருண்டு, ஃப்ளை தண்ணீருக்குப் பதில் கிளைக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு சங்கதி: ராட்டின் மேல் 3 என்று அச்சிடுவது தயாரிப்பாளரின் அபிப்பிராயம், அவ்வளவுதான். இதை அளந்தே பார்த்துவிடலாம் என்று வில்லியம் ஹானமன் என்பவர் ‘காமன் சென்ட்ஸ்’ என்றொரு முறையைக் கொண்டுவந்தார். ராட்டைக் கிடைமட்டமாக இறுக்கிப் பிடித்து, நுனியில் ஒரு சின்னப் பையைக் கட்டி, அதற்குள் அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ராட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுனி கீழே இறங்கும்வரை எத்தனை நாணயம் பிடிக்கிறது என்று எண்ணினால், ராட்டின் உண்மையான விறைப்பு தெரிந்துவிடும். ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு ராட்கள் இந்தச் சோதனையில் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2 வெயிட் என்று விற்கப்படும் விறைப்பான ராட் ஒன்று, தொய்வான 4 வெயிட் ராட்டைவிட ஓடைக்கு மோசமாக இருக்கலாம்.

கார்பனும் கிளாஸும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஃபைபர் கிளாஸ் ராட்கள் 1940களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. 1950இல் சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டபோது, ராட் செய்யும் டோன்கின் மூங்கிலின் வரத்து நின்றது; கிளாஸுக்குப் பாதை திறந்தது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கார்பன் ராட்டைக் கொண்டுவந்ததும் கிளாஸ் மூலைக்குப் போனது. காரணம் எளிது. கார்பன் இழையின் விறைப்பு கிளாஸ் இழையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அடர்த்தியோ கிளாஸுக்கு 2.5 என்றால் கார்பனுக்கு 1.8தான். அதே விறைப்புக்குப் பாதிக் கனம் போதும் என்றால் யார் விடுவார்கள்? 9 அடி ராட்டைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆற்றில் நாள் முழுக்க வீசுகிறவருக்கு அது வரம்.

அந்த வரம் ஓடைக்கு வந்ததும் பாதி பலன்தான் தருகிறது. விறைப்பான கார்பன் ராட்டில் 15 அடி லைனை விட்டு வீசிப் பாருங்கள். நுனியில் ஒரு முழம் மட்டும் அசையும். நடுப்பகுதியும் அடிப்பகுதியும் நடப்பது எதுவும் தெரியாததுபோல் இருக்கும். லைன் பின்னால் நீண்டுவிட்டதா இல்லையா என்று கைக்குச் செய்தி வராது. கிளாஸ் அப்படியில்லை. அதே 15 அடிக்கு அது நடுவரை வளையும், பின்வீச்சு முடிந்து லைன் இழுக்கும் கணம் கைப்பிடியிலேயே தெரியும். இதனால் வீச்சு மெதுவாகிறது. மெதுவான வீச்சுதான் நெருக்கடியான இடத்தில் துல்லியம் தரும். ஆனால் அவசரக்காரர் கையில் கிளாஸ் சொதப்பும்: வேகமாகத் தள்ளினால், நின்ற பிறகும் நுனி மேலும் கீழும் ஆடி லைனில் அலை விழும்.

மீன் மாட்டிய பிறகும் கிளாஸுக்குத்தான் என் ஓட்டு. ஓடையில் 6எக்ஸ் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்பு) சாதாரணம். 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். 6எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 5, அதாவது 0.127 மில்லிமீட்டர். கல்லுக்கு அடியிலிருந்து சட்டென்று பாயும் மீனைப் பார்த்துப் பதறிக் கையைத் தூக்கினால், இத்தனை மெல்லிய நரம்பு தெறித்துவிடும். தொய்வான ராட் அந்தப் பதற்றத்தில் பாதியை விழுங்கிவிடும்.

உறுதியிலும் அப்படித்தான். முறிவதற்கு முன் கிளாஸ் இழை கார்பனைவிட அதிகம் நீளும். கார்பனின் பலவீனம் வளைவில் இல்லை, மோதலில் இருக்கிறது. பித்தளை மணி கோத்த நிம்ஃப் (நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) ஒன்று வீச்சின் நடுவே ராட்டில் டிக் என்று மோதும். அப்போது ஒன்றும் தெரியாது. வேறொரு நாள், ஒரு சாண் மீனைத் தூக்கும்போது அதே இடத்தில் ராட் பட்டென்று இரண்டாகும். புதருக்குள் நுழைந்து, பாறையில் சரிந்து, ராட்டை ஊன்றாத குறையாக நடக்கிற ஓடை மீன்பிடிப்புக்குக் கிளாஸின் முரட்டுத்தனம் பொருந்துகிறது. கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதும் நினைவிருக்கட்டும்: மின்கம்பிக்குக் கீழும் இடிமின்னலிலும் அதை உயர்த்திப் பிடிப்பது உயிரோடு விளையாட்டு.

அதற்காகக் கார்பனை ஒதுக்கிவிட முடியாது. 8 அடியைத் தாண்டினால் கிளாஸ் தலைகனத்து, மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். காற்றடிக்கும் வெட்டவெளிப் புல்வெளி ஓடையில் 30, 35 அடி வீச வேண்டியிருந்தால், நீரோட்டத்தின் மேல் லைனைத் தூக்கித் திருப்பிப் போட வேண்டியிருந்தால், 8 அடி 3 வெயிட் கார்பன்தான். அதிலும் விறைப்பு குறைந்த, நடுவரை வளையும் வகை இருக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டும். ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ (நுனி மட்டும் வளையும் விறைப்பான வகை) என்று பெருமையாக எழுதியிருப்பதை ஓடைக்காரர் தாராளமாக விட்டுவிடலாம். 10 அடி 2, 3 வெயிட் நிம்ஃப் ராட்கள் இப்போது நிறைய வருகின்றன. திறந்த ஓடையில் ஆழக் குழிகளைத் துழாவ அருமை, ஆனால் நீரின் மேல் மிதக்கும் உலர் ஃப்ளையை நேர்த்தியாக வைப்பதற்கென்று செய்தவை அல்ல.

மூங்கில்

மூங்கில் ராட்டைப் பற்றி நியாயமாக எழுதுவது கஷ்டம், ஏனென்றால் வாங்குகிறவர்கள் நியாயம் பார்த்து வாங்குவதில்லை. டோன்கின் மூங்கிலைப் பிளந்து, முக்கோணக் குறுக்குவெட்டில் ஆறு பட்டைகள் சீவி, ஒட்டிச் செய்வது. 7 அடி 4 வெயிட் மூங்கில் ராட் குறுகிய தூரத்தில் தன் கனத்திலேயே வளைந்து கொடுக்கும், 10 அடி லைனையும் அழகாகக் கொண்டுபோய் வைக்கும். இதே வேலையைக் கிளாஸ் முக்கால் பங்கு செய்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். கூடவே பராமரிப்பு: ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூடக்கூடாது, உலோக இணைப்பைத் திருகிக் கழற்றக்கூடாது, நேராக இழுக்க வேண்டும், நீண்ட நேரம் ஒரே பக்கம் வளைந்திருந்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். ஆசைக்கு வாங்கலாம், முதல் ராட்டாக வேண்டாம்.

டென்காரா

இது வேறு சாதி. ஜப்பானிய மலை ஓடைகளிலிருந்து வந்தது. 2009இல் டென்காரா யுஎஸ்ஏ தொடங்கப்பட்ட பிறகுதான் மேற்கில் பரவியது. ரீல் கிடையாது, வளையங்கள் கிடையாது. 11 முதல் 14 அடி வரை நீளும் தொலைநோக்கி அமைப்புக் கோல். அதன் நுனியில் லில்லியன் என்ற மெல்லிய பின்னல் கயிறு ஒட்டியிருக்கும், அதில் லைனைச் சுருக்குப் போட்டு மாட்ட வேண்டியதுதான். மடக்கினால் முதுகுப் பையில் நுழைந்துவிடும்.

இதன் பலம் ஒரே ஒரு இடத்தில் குவிந்திருக்கிறது. பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டிக் குட்டை. உங்களுக்கும் அதற்கும் நடுவில் வேகமான நீரோட்டம். சாதாரண ராட்டில் வீசினால் நடுவில் விழும் லைனை நீரோட்டம் இழுக்க, குட்டையில் விழுந்த ஃப்ளை இரண்டு நொடியில் பிய்த்துக்கொண்டு ஓடும். ட்ரவுட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 12 அடி டென்காராவில் லைன் முழுவதையும் தண்ணீருக்கு மேலேயே பிடித்துக்கொள்ளலாம். டிப்பெட்டும் ஃப்ளையும் மட்டும் குட்டையில் நிற்கும், நீங்கள் விரும்பும்வரை. இதில் 9 அடிக்கு உட்பட்ட எந்த ராட்டும் டென்காராவுக்கு நிகராகாது.

பலவீனமும் அந்த நீளம்தான். தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே 12 அடிக் கோலை எங்கே தூக்குவது? கோலின் நீளத்தை மாற்றிக்கொள்ளும் சில மாடல்கள் ஓரளவு உதவும். மீனை இழுக்க ரீல் இல்லாததால், கோலைப் பின்னால் சாய்த்து லைனைக் கையால் பிடிக்க வேண்டும். பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை, நாம்தான் பின்னால் ஓட வேண்டும். ஃப்ளை மரத்தில் மாட்டினால் கோலால் இழுக்கவே கூடாது. கோலை மடக்கி, லைனைக் கையில் சுற்றி, நேர்கோட்டில் இழுத்தால் டிப்பெட் அறும், நுனி பிழைக்கும். அதனால்தான் 5எக்ஸைவிடத் தடிமனான டிப்பெட் கட்டாதீர்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மணல் புகுந்தால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்வதும் உண்டு.

நீளமும் மீனும்

சின்ன ஓடைக்குச் சின்ன ராட் என்ற வாதத்தை 7 அடி வரைதான் ஏற்கிறேன். 6 அடி ராட் புதருக்குள் தூக்கிப் போக வசதி. தண்ணீருக்கு வந்ததும் கைகொடுக்காது. பின்னால் இடமில்லாத ஓடையில் ரோல் காஸ்ட்தான் (லைனைப் பின்னால் வீசாமல் உருட்டி முன்னால் விடும் வீச்சு) சோறு போடும். அதற்கு ராட்டிலிருந்து பின்னால் தொங்கும் லைனின் வளைவு உயரமாக இருக்க வேண்டும். ராட் குட்டையானால் வளைவும் குட்டை, லைன் பாதி தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். ஃப்ளையைக் கையில் பிடித்து, ராட்டை வில்லாக வளைத்து விடுகிற வீச்சிலும் அதே கதை: ராட் நீளம் கூடினால் எட்டும் தூரமும் கூடும். அடர்ந்த ஓடைக்கு 7 முதல் 7½ அடி, ஓரளவு திறந்ததற்கு 8.

மெல்லிய ராட்டில் மீன் நீண்ட நேரம் போராடிக் களைத்துச் செத்துவிடும் என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வரும். அமெரிக்க ஃப்ளை மீன்பிடிப்பாளர் லீ வுல்ஃப் 2 அவுன்ஸுக்கும் குறைவான 6 அடி மூங்கில் ராட்டில் அட்லாண்டிக் சால்மன் பிடித்துக் காட்டியவர். மீனின் மேல் எவ்வளவு அழுத்தம் தரலாம் என்பதற்கு மேல்வரம்பு போடுவது பெரும்பாலும் டிப்பெட்தான். ராட்டை உயர்த்தாமல் பக்கவாட்டில் தாழ்த்தி, அடிப்பகுதியால் இழுத்தால் 25 சென்டிமீட்டர் மீன் சீக்கிரம் கரைக்கு வந்துவிடும். ஆனால் பெரிய மீன் இருக்கும் தண்ணீரில் 0, 00 ராட்டை எடுத்துப்போவது சரியில்லை. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த ராட்டும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்த ட்ரவுட் தேறாது.

எதை எடுப்பது

ஒரே ராட் என்றால் 7 அல்லது 7½ அடி, 3 வெயிட், கிளாஸ். 12 முதல் 18 வரை கொக்கி அளவுள்ள உலர் ஃப்ளைகளையும், அதன் கீழ் ஒரு சின்ன நிம்ஃபையும் சிரமமின்றிக் கொண்டுபோகும். கனத்த நிம்ஃப்தான் உங்கள் பிழைப்பு என்றால் 4 வெயிட்டுக்குப் போங்கள். பாறைகள் நிறைந்து, மேலே வானம் தெரிகிற செங்குத்து ஓடையில் டென்காரா முந்திவிடும். 1 வெயிட்டும் அதற்குக் கீழும் காற்றில்லாத மாலைக்கான விளையாட்டுச் சாமான். சுகமானவை, மறுக்கவில்லை, ஆனால் பெரிய புஸுபுஸு ஃப்ளை கட்டினாலோ லேசாகக் காற்றடித்தாலோ கையை விரித்துவிடும்.

லைனில் சிக்கனம் பார்க்காதீர்கள். விறைப்பான கார்பன் ராட் ஏற்கெனவே வைத்திருந்தால், ராட்டை மாற்றும் முன் ஒரு எண் கூடுதலான லைனைப் போட்டுப் பாருங்கள். 3 வெயிட் ராட்டில் 4 வெயிட் லைன் பல நேரம் குறையைத் தீர்த்துவிடும். இரு முனையும் ஒன்றுபோல் மெலிந்த டபுள் டேப்பர் லைன் எடுத்தால் ஒரு முனை தேய்ந்த பிறகு திருப்பிப் போடலாம். ரீல் வெறும் லைன் சுற்றும் உருளைதான் இங்கே. டிக் டிக்கென்று சுற்றும் எளிய கிளிக் வகை போதும், கனம் மட்டும் ராட்டுக்கு ஒத்துவர வேண்டும். 9 அடி 5 வெயிட் மட்டுமே இருக்கிறது என்பவரும் திறந்த ஓடைக்கு அதையே கொண்டுபோகலாம்: 15 அடிக்கு அந்த லைன் 4 கிராமுக்கு மேல் வரும், 3 வெயிட் லைன் தரும் பாரத்தைவிட அதிகம். அவருக்கு இடிக்கப்போவது கிளைகளுக்கு நடுவே அந்த 9 அடி.