டிடிபிஏ ஸ்கேன் சொல்லும் ஜிஎஃப்ஆரும் ரத்த மாதிரி சொல்லும் ஜிஎஃப்ஆரும்

சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்பதே ஜிஎஃப்ஆர். ரத்தத்தில் உள்ள தசைக் கழிவான கிரியாட்டினினைச் சூத்திரத்தில் போட்டு வரும் ஜிஎஃப்ஆர் ஒரு மதிப்பீடுதான். உடற்பயிற்சியால் தசை ஏறியவருக்கும் படுத்த படுக்கையாக மெலிந்தவருக்கும் அது சறுக்கும். சிறுநீரக தானம் தருபவர், கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்ற வேண்டியவர் போன்றோருக்கு அளந்தே பார்க்க வேண்டி வரலாம். அணுமருத்துவத் துறையில் அதற்கு இரண்டு வழிகள். இரண்டிலும் டெக்னீசியம்-99எம் டிடிபிஏ என்ற ஒரே கதிரியக்க மருந்தையே ஏற்றலாம். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும்.

முதல் வழி, உடலிலிருந்து வரும் கதிர்களைப் படமாக்கும் காமா கேமரா. 1982-இல் வந்த கேட்ஸ் முறை. ஊசி போட்ட 2 முதல் 3 நிமிடத்துக்குள் சிறுநீரகங்களில் சேரும் கதிர்களை எண்ணி, ஜிஎஃப்ஆரைக் கணக்கிடுவார்கள். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, அரை மணியில் வேலை முடியும். இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்ற பங்கும் கிடைக்கும்.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. சிறுநீரகம் தோலிலிருந்து எத்தனை செ.மீ. உள்ளே என்பதை அந்த முறை அளப்பதில்லை. எடை, உயரத்தை வைத்து ஊகிக்கிறது. ஒரு செ.மீ. பிசகினாலே எண்ணிக்கை சுமார் 14 சதவீதம் மாறும். சுற்றுப்புறக் கதிரைக் கழிக்கப் படத்தில் எங்கே கட்டம் வரைகிறோம் என்பதும் விடையை அசைக்கும். இயந்திரம் தசம புள்ளியோடு அச்சடித்துத் தருவதால் பலர் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கில், மொத்த ஜிஎஃப்ஆருக்கு அதை நம்புவது நல்ல கிரியாட்டினின் சூத்திரத்தை நம்புவதைவிடப் பெரிதாக மேலல்ல.

ரத்த மாதிரி வழியில் ஆழம் குறுக்கே வராது. ஊசி போட்ட கைக்கு எதிர்க்கையில், உதாரணமாக 2 மணி, 4 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, பிளாஸ்மாவில் மருந்து எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் மருந்து திசுக்களுக்குள் பரவும் கட்டம் இதில் விடுபடுவதால் விடை கொஞ்சம் கூடுதலாக வரும். அதைச் சரிசெய்ய 1972-இல் வந்த புரோக்னர்-மார்டென்சன் திருத்தம் இருக்கிறது. இங்கேயும் தொல்லை உண்டு. ஊசி மருந்து ரத்த நாளத்துக்கு வெளியே கசிந்தால் கணக்கே கெடும். வயிற்றில் நீர் கோத்தவருக்கும் உடல் வீங்கியவருக்கும் மருந்து அங்கே போய்த் தங்கி, திறன் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்திருந்தால் 4 மணி போதாது, மறுநாள் வரைகூட காத்திருந்து மாதிரி எடுக்க வேண்டி வரும். அப்புறம், இவை எல்லாம் முடிந்தாலும் இடது, வலது பங்கு இதில் தெரியாது.

இந்த வித்தியாசம் மருந்தளவில் எப்படி வெடிக்கும் என்று பாருங்கள். கால்வர்ட் சூத்திரப்படி கார்போபிளாட்டின் அளவு = ஏயூசி × (ஜிஎஃப்ஆர் + 25). ஏயூசி என்பது உடலில் மருந்து மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவர் வைக்கும் இலக்கு. அது 5 என்றால், ஜிஎஃப்ஆர் 90-க்கு 575 மி.கி., 60-க்கு 425 மி.கி. ஆட்களை ஒப்பிட வசதியாக ஜிஎஃப்ஆரை உடல் பரப்பு 1.73 சதுர மீட்டருக்குத் திருத்தியும் தருவார்கள். அப்படித் திருத்தாத எண்ணையே இதில் போட வேண்டும். ரிப்போர்ட்டில் இரண்டும் அச்சாகியிருந்தால் தவறானதை எடுப்பது சுலபம்.

சரி, எதைத் தேர்வது? கீமோ மருந்தளவுக்கு ரத்த மாதிரிதான். ஒரு சிறுநீரகத்தை எடுக்கப்போகிறார்கள், மற்றது தாங்குமா என்ற கேள்வி என்றால் கேமரா இல்லாமல் முடியாது. தானம் தருபவருக்கு இரண்டும் வேண்டும். ஒரே ஊசியில் படமும் எடுத்து, பிறகு ரத்தமும் எடுக்கலாம். மொத்தத்தை ரத்தத்திலிருந்தும் பங்கைப் படத்திலிருந்தும் எடுத்துக்கொண்டால் போதும்.