ஆவாரம்பட்டைப் பதனீடா, குரோம் பதனீடா?

தமிழ்நாட்டில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரும்பாலும் இவ்விரு வழிகளில்தான் பதப்படுகின்றன. ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் வாரக்கணக்கில் ஊறும் தோல் பழுப்பு நிறமும் விறைப்பும் பெறுவதால், செருப்பின் அடித்தோலுக்கும் இடுப்பு வாருக்கும் புத்தக பைண்டிங்குக்கும் ஏற்றது; கைபடக் கைபட அதன் நிறம் ஆழ்ந்து மெருகேறுவது தனி அழகு.

குரோமியம் உப்போ ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். சுழலும் டிரம்மிலிருந்து நீலம் பாய்ந்து வெளிவரும் அத்தோல் மென்மையாகவும் வெப்பம் தாங்குவதாகவும் இருப்பதால், ஷூவின் மேற்பகுதிக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஆனால், சரியாகச் சுத்திகரிக்கப்படாத தோல் ஆலைக் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்ததை மறக்க இயலாது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைக்க 1996இல் உச்ச நீதிமன்றமே வழிசெய்து தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பட்டைக் கழிவும் தூய்மையானதன்று. எனினும் நீடித்து உழைக்க வேண்டிய வாருக்கும் பைக்கும் பட்டைத் தோலையே பரிந்துரைப்பேன்.