மேட்ரிஜெல்: ஸ்டெம் செல் தட்டுக்கு நம்பி வாங்கலாம், ஆனால் குளிர் முக்கியம்

ஸ்டெம் செல் வளர்ப்பவர்களுக்கு மேட்ரிஜெல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செல் வளர்க்கும் தட்டில் பூசுவதற்காக, சுண்டெலியின் ஈஎச்எஸ் என்ற ஒருவகைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கும் புரதக் கலவை. பெரும்பகுதி லாமினின், அப்புறம் கொலாஜன் 4, என்டாக்டின். ஐபிஎஸ் செல்கள் (சாதாரண உடல் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்கள்) வெறும் பிளாஸ்டிக்கில் ஒழுங்காக ஒட்டாது, ஆனால் இதைப் பூசிய தட்டில் பார்த்தால் விளிம்பு தெளிவாக, தட்டையாக, அழகான கூட்டங்களாகப் பரவி நிற்கும். அதற்காகவே காசு கொடுக்கலாம்.

குளிர் விஷயத்தில்தான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. 10 டிகிரியைத் தாண்டினாலே கெட்டியாக ஆரம்பித்துவிடும், அதனால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுக்குள் ஐஸில் வைத்து உருக்கி, பிப்பெட் டிப், டியூப் எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிரவைத்து, சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைத்துவிடுங்கள். டிப் நுனியில் கட்டி தெரிந்தால் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் விழும், செல்களும் அப்படியே ஒட்டும்.

லாட்டுக்கு லாட், அதாவது ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும், புரத அளவு மாறுவது எனக்குப் பெரிய குறை. ஒவ்வொரு முறையும் அந்த லாட்டின் சான்றிதழைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் குளிர்ந்த மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) கலக்க வேண்டும். பூசியபின் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் போதும், தட்டு மட்டும் காயவே கூடாது.

சிகிச்சைக்குப் போகும் செல் என்றால் இது சரிவராது, விலங்கிலிருந்து வருவதாயிற்றே. அதற்கு ரீகாம்பினன்ட் (மரபணு முறையில் ஆய்வகத்தில் தயாரித்த) லாமினின் 521 அல்லது விட்ரோனெக்டின் வாங்குங்கள். தனித்தனி செல்லாகப் பிரித்து விதைப்பவர்களுக்கு லாமினின் 521தான் வசதி, விலைதான் கையைக் கடிக்கும்.